நீரடைப்பும் ஆண்மையும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவர் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் வகுத்தனர். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவும் உழைச்செல்வான் என்பன அவை. நோயுற்றவனையே முதற்கண் வைத்தமை கருதத்தக்கது. இறுதியில் வைத்த உழைச்செல்வான் இக்காலத்தில் யாவனெனின், பெரும்பாலும் கல்லூரியிற் படிக்கும் பேரனே ஆவன். மருத்துவமனையில் வரிசையில் நின்று சீட்டு வாங்குவோனும், மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்போனும், அறுவைக்கு உடன்பாடு தெரிவிக்கும் தாளைப் பாட்டனார்க்குப் படித்துக் காட்டிக் கையொப்பமிடும் இடத்தை விரலாற் சுட்டுவோனும் அவனே. ஆதலின் முதியோர்க்குரிய நோயொன்றைக் குறித்துப் பத்தொன்பது வயதினன் எழுதப் புகுதல் தகாதென்பார், இக்காரணத்தை ஓர்ந்து பொறுப்பாராக.

ஈண்டு யாம் கூறப்புகுந்த நோய் புராஸ்டேட் சுரப்பியின் பெருக்கம். அச்சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உரியது. கிரேக்க மொழியில் அப்பெயர்க்கு ‘முன் நிற்பது’ என்பது பொருள். ஈழத்துத் தமிழர் அதனை அவ்வாறே பெயர்த்து ‘முன்னிற்குஞ் சுரப்பி’ என வழங்குவர். சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தழுவி, சிறுநீர்த் தாரை தன் நடுவே ஊடுருவிச் செல்லுமாறு அஃது அமைந்துள்ளது. விந்தோடு கலக்கும் நீரில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் தொழில். இளைஞர்க்கு ஏறக்குறைய 20 கிராம் நிறையுடையதாய்ப் பாக்கினுஞ் சற்றுப் பெரியதாய் இருப்பது, 40 வயதிற்குப் பின் உட்புறத்தே மெல்ல மெல்லப் பெருகத் தொடங்குகின்றது. 60 வயதினரில் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கும், 80 வயதைக் கடந்தோரிற் பெரும்பாலோர்க்கும் இப்பெருக்கம் உண்டு. எனினும் பெருக்கமுற்றார் எல்லாரும் துன்புறுவதில்லை. சுரப்பி சிறிதே பெருகித் தாரையை மிக நெருக்குவதும் உண்டு, மிகப் பெருகியும் நெருக்காது விடுவதும் உண்டு. இப்பெருக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் அன்று. ஆயினும் இரண்டும் ஒருவர்க்கே ஒருங்கு நேர்தல் கூடுமாதலின் மருத்துவர் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூர்களுள் ஜெகதாப்பட்டினம் ஒன்று. பாக்கு நீரிணையை நோக்கி நிற்கும் அவ்வூரார் பலர்க்கு விசைப்படகே வாழ்வு. கடலுட் சென்ற படகு இரவெல்லாம் அங்கேயே தங்கி மறுநாள் கரை சேரும். அதில் ஏறும் 60 வயதினர் ஒருவர்க்கு இந்நோய் தொடங்கியதாக எண்ணிப் பார்ப்போம். இரவில் நான்கு முறையோ ஐந்து முறையோ அவர் எழவேண்டும். ஆடும் படகின் விளிம்பில் ஒரு கையாற் கயிற்றைப் பற்றி நிற்கவேண்டும். நீர் உடனே இறங்குவதில்லை. நின்று நின்று பார்த்தபின் மெல்லிய இழையாய் வந்து, இடையில் அற்று, மீளவும் சொட்டும். முடிந்ததென்று வந்து படுத்தால் முடியவில்லை என்று தோன்றும். வலையிழுக்கும் இளைஞர் நகைப்பரென அஞ்சிப் பகலெல்லாம் தண்ணீர் குடியாதிருப்பார். தண்ணீர் குறையவே நீர் கடுக்கும். கடுப்பை உடற்சூடு என்று கருதி நெருஞ்சில், சிறுபீளை முதலியவற்றைக் காய்ச்சிக் குடிப்பார். நீர்க்கடுப்பிற்கும் கல்லடைப்பிற்கும் நம் முன்னோர் கொண்ட மூலிகைகள் அவை; பெருத்த சுரப்பியைச் சுருக்குமென்பதற்குச் சான்றில்லை. மேனாட்டார் இதற்கெனவே கொண்டாடிய குறும்பனை ஒன்றின் பழச்சாற்றை 2006-இலும் 2011-இலும் அமெரிக்க மருத்துவர் முறைப்படி ஆராய்ந்து, வெறும் போலி மாத்திரையினும் அது மிக்கதன்று எனக் கண்டனர். ஆதலின் மூலிகைக் குறை நம்மோடு மட்டும் நின்றதன்று.

இதனினுங் கொடியது ஒன்று உண்டு. பனிக்காற்றிற் சளி பிடித்தால் கடையிற் கேட்டு வாங்கும் மாத்திரைகளுட் பல, மூக்கடைப்பைத் திறக்கும் அதே வினையால் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்குவன, அல்லது பையின் தசையைச் சோர்விப்பன. அத்தகைய மாத்திரையை விழுங்கிய இரவிலோ, மிகுதியாக மதுவருந்திய இரவிலோ நீர் அடியோடு அடைபடும். அடிவயிறு கல்லெனப் பொருமும். நடுக்கடலில் இது நேரின் கரை சேருமளவும் படும் வேதனை சொல்லுந்தரத்ததன்று. அப்போது பொறுத்திருத்தல் ஆகாது. அன்றிரவே அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ சென்று குழாய் இட்டு நீரை வெளியேற்றல் வேண்டும். வலியின்றியே நாட்பட அடைத்திருப்பின் சிறுநீரகங்கள் பழுதாதலும் உண்டு.

இவ்வளவு துன்பத்தையும் பொறுத்துக்கொண்டு முதியோர் பலர் மருத்துவரிடம் செல்லாமைக்குக் காரணம் யாது? பணமின்மை ஒன்று, தொழில் கெடும் என்பது ஒன்று. இவ்விரண்டையும் வாய்விட்டுக் கூறுவர். கூறாத காரணம் ஒன்று உண்டு. “ஆப்பரேசன் பண்ணினா ஆம்பளைத்தனம் போயிரும்” என்னும் பேச்சு அது. டீக்கடையிலும் கடற்கரையிலும் தாழ்ந்த குரலில் உலவும் இப்பேச்சே எத்தனையோ முதியோரை வீட்டிலே கட்டிப்போட்டிருக்கின்றது. மருத்துவரிடம் இதனை வினவ அவர்க்கு நாணம். உடன்வந்த பேரன் முன் வினவவோ இன்னும் நாணம். மருத்துவரும் நரைத்த தலையைக் கண்டு, இவர்க்கு இவ்வெண்ணம் இராதெனத் தாமே முடிவு செய்துகொள்கின்றனர்.

அம்முடிவு பிழையானது. 2003-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 50 முதல் 80 வயதிற்குட்பட்ட 12,000-க்கு மேற்பட்ட ஆடவரை வினவி வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 80 பேர்க்கு மேல் தாம் இல்லற இன்பத்தை விடவில்லை என்றே விடையிறுத்தனர். நீரடைப்பின் துன்பம் மிகுந்தோர்க்கு அவ்வின்பமும் குறைந்திருந்ததென்பதும் அங்கே தெரிந்தது. அஃதாவது, அறுவைக்கு அஞ்சி நோயைப் போற்றுவார் தாம் காக்க விரும்பியதையே இழக்கக்கூடும். நம்மவரிற் சிலர், முதுமையில் இதனைக் கருதுதலே தகாது என்பர். கொரிந்தியர்க்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் கணவன் மனைவியர் ஒருவர்க்கொருவர் செய்யுங் கடனைக் கூறுமிடத்து, இத்தனை வயதுவரை என எல்லை வகுத்திலர். ஒருவர் உடல்மேல் மற்றவர்க்கும் உரிமை உண்டென்றே கூறுகின்றார். ஆகவே அறுவையைக் குறித்த ஆலோசனையில் வீட்டிலிருக்கும் பாட்டியாரையும் கலந்துகொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து.

நிற்க. இவ்வச்சத்தின் வேர் மருத்துவத்தில் மட்டும் இல்லை, சொல்லிலும் உளது. ஆண்மை என்பது நம் மொழியிற் பொருள் பரந்த சொல். வீரம், ஆளுந்தன்மை, முயற்சி ஆகிய எல்லாவற்றையும் அது குறிக்கும். பிறன்மனை நோக்காமைக்கே பேராண்மை என்று வள்ளுவர் பெயரிட்டனர். இத்துணைப் பெரிய சொல்லைக் கொண்டுபோய் உடலின் ஒரு சிறு நிகழ்ச்சிக்கு ஏற்றியதனால், அந்நிகழ்ச்சியில் இம்மி குறையினும் மனிதன் முழுவதும் குறைந்தானெனத் தோன்றுகின்றது. சொல்லைப் பகுத்துப் பொருள் காண்டல் தமிழ் மாணாக்கர்க்கு உரிய தொழிலாதலின், யாம் இச்சொல்லைப் பகுத்துப் பார்ப்போம். இல்லற இன்பத்தைப் பொறுத்தமட்டில் ஆண்மை என்று மக்கள் ஒன்றாய்க் கூறுவதனுள் நான்கு அடங்கியுள்ளன. முதலாவது வேட்கை, அது மனத்தையும், விதைகள் சுரந்து குருதியிற் கலக்கும் ஆண்சுரப்பு நீரையும் பற்றியது. இரண்டாவது விறைப்பு; அது நரம்பையும் குருதியோட்டத்தையும் பற்றியது. மூன்றாவது இன்ப உணர்ச்சி. நான்காவது விந்து வெளிப்படுதல். இந்நான்கும் ஒருங்கே நிகழ்வதால் ஒன்றெனத் தோன்றினும், வெவ்வேறு உறுப்புக்களின் வெவ்வேறு வினைகள். ஒன்று போயினும் ஏனைய நிற்றல் கூடும். புராஸ்டேட் சிகிச்சை பெரும்பாலும் தொடுவது நான்காவதையே. அறுவைக்குப் பின் விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் செல்லும். பின்னர்ச் சிறுநீரோடு கழிந்துவிடும். வேட்கையும் விறைப்பும் உணர்ச்சியும் இருப்பினும், வெளிவாராமையைக் கண்ட முதியவர் யாவும் போயிற்றென மனமுடைகின்றனர். முன்னரே ஒருவர் எடுத்துக் கூறியிருப்பின் மனமுடைய இடமில்லை.

இவற்றைத் தமிழிற் கூறுதல் நாகரிகமன்று என்பார்க்கு, இடக்கரடக்கல் என்னும் இலக்கண வழக்கை நினைவூட்டுகின்றோம். அவையிற் கூறத்தகாததை வேறு வாய்பாட்டாற் கூறுக என்பதே அது, கூறற்க என்பதன்று. ஜெகதாப்பட்டினத்திற்கு நேர் எதிர்க்கரையான யாழ்ப்பாணத்தில், அமெரிக்க மிஷனைச் சார்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847-இல் வந்திறங்கி, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, தமிழிலேயே மருத்துவங் கற்பித்தனர். மாணவர் ஆங்கிலங் கற்றபின் மருத்துவங் கற்பதினும், மருத்துவமே தமிழ் கற்றல் எளிதென்பது அவர் துணிபு போலும். உடற்கூற்றை ‘அங்காதிபாதம்’ எனவும், அறுவை நூலை ‘இரண வைத்தியம்’ எனவும், மகப்பேற்று நூலைப் ‘பிரசவ வைத்தியம்’ எனவும் தமிழாக்கி வெளியிட்டார். மாதர் பிள்ளைப்பேற்றையும் ஆடவர் உடலுறுப்பையும் கூசாமற் கூற அன்றே தமிழிற் சொல் உண்டாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் பாட்டனார்க்கு நான்கு வாக்கியம் கூறுதற்கு நமக்குச் சொல்லில்லை என்பது ஏற்கத்தக்கதன்று.

இனி, ஊரார் அச்சம் முழுதும் கட்டுக்கதையோவெனின், அன்று. அதற்குப் பழைய காரணம் உண்டு. 1893-இல் பிலடெல்பியா நகரத்து ஜே. வில்லியம் ஒயிட் என்னும் மருத்துவர், விதைகளை அகற்றிவிட்டால் புராஸ்டேட் சுருங்கும் எனக் கூறினர். 1895-இல் 111 பேருடைய வரலாற்றைத் தொகுத்துப் பெரும்பாலோர்க்குச் சுரப்பி சுருங்கிற்றெனவும் காட்டினர். சுருங்கியது உண்மையே, ஆயின் நான்கனுள் முதலிரண்டும் பெரிதும் உடன் அழிந்தன. எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவாறு என்க. இம்முறை விரைவில் கைவிடப்பட்டது.

அதனைக் கைவிடச் செய்தாருட் சிறந்தவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். அயர்லாந்தினரான பீட்டர் பிரையர் என்பவர் 1875 முதல் இருபதாண்டளவு இந்திய மருத்துவப் படையிற் பணிபுரிந்து, வடநாட்டிற் சிறுநீர்ப்பைக் கற்களை உடைத்தெடுப்பதிற் பெரும்பெயர் பெற்றார். ஓய்வுபெற்று இலண்டன் சென்றபின், 1900 டிசம்பரில், அடிவயிற்றின் வழியே சிறுநீர்ப்பையைத் திறந்து உட்புகுத்திய விரலாற் சுரப்பியின் பெருக்கத்தை அகழ்ந்தெடுத்தார். நியூயார்க்கில் ஃபுல்லர் என்பார் அதனைத் தமக்கு முந்தியே செய்தாரென்னும் வழக்கும் எழுந்தது. அவ்வழக்கு நமக்கு வேண்டுவதன்று. 1912-க்குள் பிரையர் ஆயிரவர்க்கு இவ்வறுவையைச் செய்து முடித்தனர். சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டதாக அவர் கருதினார். அவ்வாறன்று, தோடு நிற்க ஆரஞ்சின் சுளையை மட்டும் எடுத்ததை ஒக்கும் அவர் செய்தது. உட்பெருக்கம் வெளிவந்தது, புறத்தோடு உள்ளேயே நின்றது.

அத்தோடு நின்றதன் நன்மை யாது என்பது எட்டுப்பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று. 1981-இல் அமெரிக்கரான பேட்ரிக் வால்ஷ் என்பவர் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் முதியவரான பீட்டர் டோங்கர் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, இறந்து பிறந்த ஆண்மகவின் உடலில் நுண்ணிய நரம்புகளைத் தேடினார். முதிர்ந்தோர் உடலில் கொழுப்பினுள் மறைந்து கிடப்பவை குழவியின் உடலிற் றெளிவாய்த் தோன்றின. விறைப்பிற்குரிய நரம்புகள் சுரப்பியினுள்ளே இல்லை. தோட்டிற்குப் புறத்தே, இருமருங்கும் பின்பக்கமாக இரு கொத்துக்களாய் ஓடுகின்றன என அவர்கள் கண்டனர். மறு ஆண்டு, புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் எடுக்க நேர்ந்தவர்க்கு அந்நரம்புகளைக் காத்து வால்ஷ் அறுவை செய்தார். இது புற்றுநோயாளர்க்கன்றோ, நம் பேச்சிற்கு யாது இயைபு எனின், இயைபு மிக உண்டு. வெறும் பெருக்கத்திற்குச் செய்யும் அறுவை தோட்டின் உள்ளேயே நிகழ்வது. நரம்போ வெளியே உள்ளது. ஆகவே விறைப்புக் கெடாமை இயல்பேயாம். 1995-இல் அமெரிக்காவில் 556 பேரை இருகூறாக்கி, ஒரு கூறார்க்கு அறுவை செய்தும் மற்றொரு கூறாரை வெறுமனே கவனித்தும் மூன்றாண்டளவு நோக்கிய ஆராய்ச்சியில், அறுவையுற்றார்க்கு விறைப்புக் குறைந்தது மிகுதி எனக் காணப்பட்டிலது. சிலர்க்குக் குறைதல் உண்டென ஏனைய ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆயினும் ‘ஆம்பளைத்தனம் போயிரும்’ என்னும் பொதுத்தீர்ப்பிற்கு இடமில்லை.

மேலே கூறிய அவ்வறுவை வயிற்றைக் கீறுவதன்று. சிறுநீர்த் தாரையின் வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, மின்சாரத்தாற் சூடேறிய கம்பி வளையத்தால் உட்பெருக்கத்தைச் சீவி எடுப்பது. 1930-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிற் செம்மையுற்ற இம்முறை இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்யப்படுவதே. இதன் குறை, முன்னர்க் கூறிய நான்காவதைப் பற்றியது. நூற்றுக்கு 65 முதல் 75 பேர்க்கு விந்து பின்னோக்கிச் செல்லும். சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சீவியதனால் அது மூடாமற்போவதே காரணமென நெடுங்காலம் கருதினர். பின்வந்தோர் ஆராய்ந்து, தாரையின் உட்புறத்தே விந்துக் குழாய்கள் வந்து திறக்கும் சிறு மேட்டைச் சூழ்ந்த தசையே பெரிதும் இன்றியமையாதது எனக் கண்டனர். அம்மேட்டிற்கு மேலே ஒரு சென்டிமீட்டர் அளவு சதையைச் சீவாது விட்டுவிட்டால் விந்து முன்போல் வெளிவருதல் கூடும். 2014-இல் ஜெர்மானிய மருத்துவர் வெளியிட்ட 89 பேருடைய வரலாற்றில் பத்தில் ஒன்பது பேர்க்கு அவ்வாறே நின்றது. எம் மனத்தை மிகக் கவர்ந்தது இச்செய்தியே. இதற்குப் புதிய இயந்திரம் வேண்டா, மிகுபொருள் வேண்டா. விரலகலத்திற்குங் குறைந்த ஓரிடத்தை விட்டுவைக்கும் கவனமே வேண்டும். சுரப்பி மிகப் பெருத்தவர்க்கு இவ்வாறு விட்டுவைத்தல் இயலாதிருக்கலாம். விட்ட சதை மீண்டும் வளர்தலும் கூடும். இவற்றை அறுவைக்கு முன் வினவினாலன்றி அம்மருத்துவர்க்கு நோயாளியின் விருப்பம் எங்ஙனம் தெரியும்?

அறுவைக்கு முன்னரே மருந்துகள் உள. யெருசலேம் நகரத்து மார்கோ கெய்ன் என்னும் மருத்துவர் 1970-களின் நடுவில் காட்டியபடி, சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையைத் தளர்த்தும் மாத்திரைகளால் சுரப்பி சுருங்காமலே வழி திறக்கும். இவ்வினத்துள் இன்று பெரிதும் எழுதித் தரப்படுவது டாம்சுலோசின்; சில நாட்களிலேயே பயன் தெரியும். அதனாற் சிலர்க்கு விந்து குறையும். அதன் உறவான சைலோடோசின் உண்பவருள் நான்கிலொருவர்க்கு மேல் வெளிவராமலே போம். ஆல்ஃபுசோசின் என்பது இவ்வகையிற் குறைந்த தீங்குடையது. மூன்றனுள் எதனால் இது நேரினும் மாத்திரையை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பும். ஆதலின் டாம்சுலோசின் உண்டபின் வேறுபாடு கண்ட முதியவர் அஞ்சி மருந்தையே எறிந்துவிடாமல், மாற்றித் தரக் கேட்டல் தகும். கடற்றொழிலாளர் வேறொன்றும் அறியவேண்டும். இம்மாத்திரைகள் படுத்திருந்து திடுமென எழுங்கால் குருதியழுத்தத்தைத் தாழ்த்தித் தலைசுற்றச் செய்வன. தரையிலே சுற்றினால் விழுவோம். படகின் விளிம்பிலே சுற்றினால் யாதாகும்? புதிதாகத் தொடங்கிய நாட்களிற் கடலுக்குச் செல்லாமை நன்று. கண்புரை அறுவைக்குச் செல்வோரும் இம்மாத்திரை உண்டதைக் கண்மருத்துவர்க்கு முன்னரே கூறுதல் வேண்டும். கண்ணின் கருவிழித்திரையை இது தளர்விப்பதால் அவ்வறுவை இடர்ப்படும்.

இரண்டாவது இனம் சுரப்பியையே சுருக்குவது. அதன் வரலாறு கதைபோல் இனியது. 1974-இல் டொமினிக்கன் குடியரசைச் சார்ந்த சலினாஸ் என்னும் சிற்றூரின் குடிகள் சிலரைப் பற்றி மருத்துவ உலகிற்குச் செய்தி வந்தது. பிறக்கும்போது பெண்மகவெனவே கருதி வளர்க்கப்பட்டார் சிலர், பருவமெய்தியபோது ஆணாயினர். ஆண்சுரப்பு நீரை அதனினும் வலிய வேறொன்றாக மாற்றும் பொருள் ஒன்று அவர்களுடலிற் குறைந்திருந்தமையே காரணம். அவர்கள் வளர்ந்தபின்னும் புராஸ்டேட் மிகச் சிறிதாகவே இருந்தது. வேட்கையும் விறைப்பும் குன்றவில்லை. அம்மாற்றத்தை மருந்தாற் றடுத்தால் முதியோர்க்கும் சுரப்பி சுருங்குமன்றோ என்று கருதிச் செய்ததே ஃபினாஸ்டெரைடு. 1992-இல் வழக்கிற்கு வந்தது. ஆறு மாதம் முதல் ஓராண்டு உண்டால் சுரப்பி நாலில் ஒரு பங்களவு சுருங்கும். அடியோடு நீரடைத்தலும் அறுவை வேண்டப்படுதலும் பாதியளவு குறையும். ஆயினும் நூற்றுக்குச் சிலர்க்கு வேட்கையோ விறைப்போ குறைவதுண்டு. சலினாஸ் ஊரார்க்கு நேராதது முதியவர்க்கு நேர்வானேன் என வியக்கலாம். பிறப்பிலேயே அமைந்த உடல் வேறு, அறுபது ஆண்டு பழகிய உடல் வேறு. இம்மாத்திரை, புற்றுநோயை ஐயுற்றுச் செய்யும் பி.எஸ்.ஏ. என்னும் குருதிச் சோதனையின் எண்ணையும் பாதியாக்கும். சோதிப்பார்க்கு இதனைக் கூறாவிடின் நோய் மறைந்துபோம். 2011 முதல் டாடலஃபில் என்னும் விறைப்பு மருந்தையும் நாள்தோறும் 5 மில்லிகிராம் அளவில் இந்நீரடைப்பிற்கு வழங்குகின்றனர்; இரண்டு குறைக்கும் ஒரு மருந்தாதலின் சிலர்க்கு மிகப் பொருந்தும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரேட்டு மாத்திரை உடையார் இதனைத் தொடவே கூடாது. குருதியழுத்தம் வீழ்ந்து உயிர்க்கு இறுதியாம்.

புதிய இயந்திர முறைகளைப் பற்றிச் சுருங்கக் கூறி விடுவோம். பெருக்கத்தை நூலிழைபோன்ற கொக்கிகளால் இருமருங்கும் ஒதுக்கிக் கட்டும் யூரோலிஃப்ட் 2013-இலும், நீராவியைச் செலுத்திச் சதையை வாடச்செய்யும் ரெசூம் 2015-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டும் நான்காவதைப் பெரும்பாலும் காப்பன. நீர்த்தாரையின் விசையாற் சதையை அறுக்கும் அக்குவாபிளேஷன் என்பதைப் பழைய மின்கம்பி முறையோடு ஒப்பிட்டு 181 பேரிடம் ஆராய்ந்தபோது, விந்து வெளிவாராமை முன்னதில் நூற்றுக்கு 10 பேர்க்கும் பின்னதில் 36 பேர்க்கும் நேர்ந்தது. மிகப் பெருத்த சுரப்பியை லேசர் ஒளியாற் குடைந்தெடுக்கும் முறையும் உண்டு. நீரடைப்பை அது நன்கு தீர்க்கும், விந்தைக் காப்பதில் மின்கம்பியினும் மேலன்று. பெருநகரங்களில் மிகுபொருள் கொடுத்துப் பெறுவனவற்றை ஜெகதாப்பட்டினத்து முதியவர்க்கு முதற்கண் எடுத்துக் கூறுதல், பசித்தவனுக்கு விருந்தின் வருணனை உரைப்பதாம். அவர்க்கு எட்டுவன மாத்திரையும் மின்கம்பியும். அவ்விரண்டினுள்ளேயே தெரிந்தெடுக்க இடமுண்டென்பதை மேலே கண்டோம்.

குழாய் இட நேர்ந்ததைக் குறித்து நாணுவாரும் பலர். பெரியார் ஈ. வெ. ராமசாமி தம் இறுதியாண்டுகளில் மூத்திரக் குழாயைச் சுமந்துகொண்டே மேடைதோறும் ஏறிப் பேசினார் என்பதும், 1973 டிசம்பர் 24-ஆம் நாள் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவமனையில் உயிர்நீத்தார் என்பதும் தமிழ்நாட்டார் நன்கறிந்தவை. அவருடைய கொள்கைகளை ஒப்பாதாரும் அக்குழாயைக் கண்டு அவரை எளியராக எண்ணியதில்லை.

அறுவைக்குப் பின் குழாய் ஓரிரு நாளில், மிகுந்தால் மூன்று நாளில் எடுக்கப்படும். முதற் சில கிழமை அடிக்கடி நீர் பிரிதலும் எரிவும் இருக்கும். பத்துப் பதினைந்து நாள் சென்றபின் ஆறிய புண்ணின் பக்கு உதிர்ந்து சிறிது செந்நீர் தோன்றுவதும் உண்டு, தண்ணீர் மிகப் பருகத் தெளியும். கட்டியாகக் குருதி வந்தாலோ நீர் நின்றுவிட்டாலோ உடனே மருத்துவரிடம் மீளவேண்டும். நான்கு முதல் ஆறு கிழமை வரை வலையிழுத்தலும், ஐஸ் பெட்டியும் மீன்கூடையும் தூக்கலும் ஆகா. மனைவியோடு கூடி வாழ்தற்கும் ஏறக்குறைய அத்துணைக் காலம் பொறுத்தல் வேண்டும். அதன்பின் முதன்முறை கூடிய நாளில் விந்து வெளிவாராமல், அடுத்துக் கழியும் சிறுநீர் கஞ்சித் தெளிவுபோற் கலங்கித் தோன்றலாம். அது சீழன்று, புதிய நோயுமன்று. பின்னோக்கிச் சென்ற விந்தே நீரோடு வெளியேறுகின்றது.